பூக்கூடையில் போன சீசா

நிலக்கோட்டை,
8-4-1957

மதினி அவர்களுக்குப் பொன்னழகு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே தாங்களும் அண்ணனும் மகள் மாயம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், தினமும் முதல் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வரும் சின்னப் பூக்கூடைக்குள் வைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. மேலே இருக்கும் மல்லிகையை எடுத்தால் வாழை இலை. அதற்குக் கீழே ஈரத்துணி சுற்றிய ஒரு சீசா. அதை உடனே எடுத்துக்கொண்டு போய், உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் செபாஸ்தியம்மாளிடம் கொடுத்துவிட வேண்டும். சீசாவில் பிளாஸ்திரி ஒட்டி 17 என்று நம்பர் எழுதியிருக்கிறது. நம்பரைச் சொன்னால் போதும், பேர் சொல்ல வேண்டாம்.

என்ன சீசா என்று கேட்பீர்கள். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது என்பது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தை மாதம் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். "உனக்குக் காத்துச் சோதனை ஒண்ணு, போட்டோ சோதனை ஒண்ணு இருக்கு. உன் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சோதனைதான். அதுதான் லேசு, வலி கிடையாது. அதை முதல்ல முடிச்சிட்டு வா. அதைப் பார்க்காம உன்னை நான் தொட மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் தம்பியிடம் மூன்று மாதம் கெஞ்சினேன். "திண்டுக்கல்ல பூ வாங்குற அம்புட்டுப் பேருக்கும் என்னைத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல்ல எவனாச்சும் பார்த்தா முகத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். கடைசியில் இன்று விடியற்காலை வீட்டிலேயே வைத்துச் சம்மதித்தார். நான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறவும் கூடாதாம். பூக்கூடை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று இந்த வழியைக் கண்டுபிடித்தோம்.

சீக்கிரம், கெடாமல் வந்து சேர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். பூவை எப்படி வாடாமல் அனுப்புவோமோ அப்படியே குளிரக் குளிரச் சுற்றி வைத்திருக்கிறேன்.

மாயம்மாள் சடங்கன்று நான் எடுத்த ஆரத்தித் தட்டை நீங்கள் என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தீர்கள். அதை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இன்றைக்கு உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. தயவு செய்து தாமதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொன்னழகு


திண்டுக்கல்,
15-4-1957

பொன்னழகுக்குச் சுந்தரம்மாள் எழுதிக்கொண்டது. நாங்கள் நல்ல சுகம். தம்பி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். போன தடவை பார்த்தபோது இளைத்துப் போயிருந்தான். நீ நன்றாகத்தான் இருந்தாய்.

ஏடி, உனக்கு மூளை இருக்கிறதா? அந்தக் கூடையிலிருந்து எடுத்த பூவைத்தான் நான் தினமும் அம்மன் படத்துக்குப் போடுகிறேன். அதற்குள் கொண்டுவந்து அந்த அசிங்கத்தை வைத்திருக்கிறாய். கூடையை அவிழ்க்கும்போது அடுத்த வீட்டு நசீம் பானு பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "அது என்னக்கா சீசா?" என்று கேட்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. இருமல் மருந்து என்று சொல்லி உள்ளே கொண்டுபோனேன். அன்றைய பூ முழுவதையும் குப்பையில் கொட்டினேன்.

சரி, நீ கேட்ட சங்கதிக்கு வருகிறேன். கொடுத்தாயிற்று. பார்த்தாயிற்று. தம்பிக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு இது பார்க்காமலே தெரியும். எங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் ஒன்பது பேர், நாங்கள் ஆறு பேர். எங்கள் வம்சத்தில் அப்படி எவனும் பிறந்ததில்லை. இனிமேல் அவனை இந்த மாதிரி காரியத்துக்கு இழுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கும் இனி நீ வர வேண்டாம். என் தெருவிலேயே வந்து குந்திக்கொண்டு ஊருக்கெல்லாம் தமுக்கு அடிக்காதே. மதுரையில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய், குறை எங்கே இருக்கிறது என்று உன் உடம்பில் தேடு.

தம்பிக்கு என் ஆசீர்வாதம். உனக்கும்தான்.

சுந்தரம்மாள்


நிலக்கோட்டை,
20-7-1957

மதினிக்குப் பொன்னழகின் வணக்கம். உங்கள் தம்பி சுகம். நான் இரண்டு நாளாகத்தான் எழுந்து நடமாடுகிறேன்.

நீங்கள் சொன்னபடி அம்மாவோடு மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர்களும் முதலில் கேட்டது, "வீட்டுக்காரரைப் பார்த்தாச்சா?" என்றுதான். "பார்த்தாச்சும்மா, குறை இல்லைன்னு சொல்லிட்டாக" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் என்னை மேஜையில் ஏறச் சொன்னார்கள்.

காற்றுச் சோதனை என்றால் என்ன என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பைக்குள் காற்றைச் செலுத்துவார்கள். குழாய் திறந்திருந்தால் காற்று வயிற்றுக்குள் போய், வலி தோள்பட்டையில் வந்து நிற்கும். தோள்பட்டையில் கத்தியை வைத்துத் திருகிய மாதிரி வலித்தது. நான் அழுதேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "வலிக்குதா? நல்லது, திறந்திருக்கு" என்றார்கள். வலித்தால் நல்லது என்று ஒரு சோதனை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அடுத்து மருந்து செலுத்திப் போட்டோ பிடித்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள் தம்பியின் நடையே மாறிவிட்டது. முன்பெல்லாம் நான் வீட்டுக்குத் தூரமாகும் நாளில், "விடு, அடுத்த மாசம் பாப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

ஒரு உதவி. அந்த ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் என்று ஒரு காகிதம் கொடுத்திருப்பார்கள். அதைக் கூடை திரும்பி வரும்போது வைத்து அனுப்புங்கள். மதுரை டாக்டரம்மா கேட்டால் காட்ட வேண்டும்.

அண்ணனுக்கு வணக்கம் சொல்லவும்.

பொன்னழகு


திண்டுக்கல்,
20-9-1957

பொன்னழகுக்கு. எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிந்து, இப்போதுதான் மூச்சு விட நேரம். உன்னைப் போலக் கையை வீசிக்கொண்டு இருக்கும் வீடா இது?

வலித்தது வலித்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியே இல்லை. நான் மாயம்மாளைப் பெற இரண்டு நாள் துடித்தேன். போட்டோ பிடிக்க வேண்டும் என்றால் பிடித்துக்கொள். இன்னும் என்னென்ன சோதனை உண்டோ எல்லாவற்றையும் பார்த்துவிடு. நாளைக்கு எதையும் பார்க்காமல் விட்டார்கள் என்று உன் அம்மா வீட்டில் பேச்சு வரக்கூடாது.

இந்தத் தடவை கூடையில் வந்த பூ மொட்டாக இல்லை, பாதி மலர்ந்துவிட்டது. பறிக்கிறவர்களை விடியலுக்கு முன்னால் போகச் சொல். மாயம்மாளுக்குப் பதினெட்டு நடக்கிறது. நன்றாக வளர்ந்துவிட்டாள். தம்பி வந்தால், "மாமா மாமா" என்று காலையே சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

சுந்தரம்மாள்


நிலக்கோட்டை,
18-11-1957

மதினிக்கு வணக்கம். சுகம் கேட்டு எழுத இந்தத் தடவை மனம் வரவில்லை, மன்னிக்கவும். பூ விஷயம் எழுதினீர்கள், மாயம்மாள் வயது எழுதினீர்கள். நான் கேட்ட ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

போட்டோ சோதனையும் முடிந்தது. மருந்து செலுத்தும்போது பல்லைக் கடித்ததில் உதடு கிழிந்துவிட்டது. படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு குழாயும் வெள்ளை நூல் மாதிரி தெரிந்தன. ஓர் அடைப்பும் இல்லை. அதற்குப் பிறகும் விடவில்லை. மயக்கம் கொடுத்து உள்ளே சுரண்டி எடுத்து அதையும் பார்த்தார்கள். அதுவும் சரியாக இருக்கிறது.

இப்போது டாக்டரம்மா என்னைவிடக் குழம்பிப் போயிருக்கிறார்கள். "இனி வயித்தைத் திறந்துதான் பாக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை என் கண்ணால பாக்கணும். எத்தனை இருக்கு, எம்புட்டு அசையுதுன்னு அதுல நம்பர் போட்டிருக்கும். வாய்வார்த்தை எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் தம்பியிடம் இன்னொரு தடவை மதுரையில் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "அக்கா ஒரு தடவை பாத்துச் சொல்லிருச்சு. என் அக்கா பொய் சொல்லுங்கிறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

வயிற்றைக் கிழிப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டில் இருக்கும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது மதினி. கிழித்துக்கொள்ளப் போவது நான். உடனே அனுப்புங்கள்.

பொன்னழகு


திண்டுக்கல்,
10-1-1958

பொன்னழகுக்கு. பொங்கல் சீர் கூடையோடு வருகிறது. தம்பிக்கு வேட்டி, உனக்குப் புடவை. சிவப்புதான் கிடைத்தது. உனக்குச் சிவப்பு எடுக்காது என்று தெரியும்.

ரிப்போர்ட் ரிப்போர்ட் என்று உயிரை வாங்குகிறாய். அலமாரியில் வைத்திருந்தேன், கரையான் அரித்துவிட்டது. என் வாய்ச்சொல்லைவிட அந்தக் கிறுக்கல் உனக்குப் பெரிதாகப் போய்விட்டதா? என் அப்பன் செத்தபோது தம்பிக்கு ஏழு வயது. அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். அவனுக்குக் குறை என்று ஒரு காகிதம் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

இனிச் சோதனையும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். நானும் உன் அண்ணனும் பேசி முடிவு செய்துவிட்டோம். மாயம்மாளைத் தம்பிக்கே கொடுக்கிறோம். தாய்மாமன், அவனுக்குத்தான் முதல் உரிமை. அன்றைக்கே அவளுக்கு வயது இருந்திருந்தால் உன் வீட்டு வாசலை நாங்கள் மிதித்தே இருக்க மாட்டோம். தை பதினாறு நிச்சயதார்த்தம். மாசி பதினொன்று கல்யாணம். தம்பியிடம் பூ மண்டியில் வைத்துச் சொன்னேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன்னை யாரும் துரத்தவில்லை. ஒரு மூலையில் இருந்துகொள். பிள்ளை பிறந்தால் உன்னையும் பெரியம்மா என்று கூப்பிடும். இதற்கு மேல் ஒரு மலடிக்கு யார் என்ன செய்வார்கள்?

நிச்சயதார்த்தத்துக்கு நீயும் வர வேண்டும். வராவிட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும்.

சுந்தரம்மாள்


நிலக்கோட்டை,
14-1-1958

சுந்தரம்மாள் அவர்களுக்கு.

பொங்கல் அன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சிவப்புப் புடவை வந்தது. பசு மாட்டுக் கொட்டத்தில் ஈரம் துடைக்க உதவுகிறது.

ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. நான் போலீஸுக்குப் போகிறவள் இல்லை. என் கூடப்பிறந்த அண்ணன் போவான். அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் தம்பியிடம் நேராகவே கேட்டேன். "அக்கா சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னீக?" என்றேன். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். "அக்கா எதையும் யோசிச்சுத்தான் செய்யும்" என்றார். "எனக்கு?" என்றேன். வர்ணச் சட்டியைக் கீழே வைக்கவே இல்லை. "உனக்கு என்ன, சோறு இல்லையா, துணி இல்லையா?" என்றார். மூன்று தடவை மேஜையில் ஏறி இறங்கியது இதற்காகத்தான் போலிருக்கிறது.

மலடி என்று எழுதியிருக்கிறீர்கள். என் உடம்பை உள்ளும் புறமும் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மூன்று ரிப்போர்ட் என் பெட்டியில் இருக்கிறது. ஒன்றையும் கரையான் அரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கரையானுக்கு எழுத்தறிவு இல்லையோ என்னவோ.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். சபையில் நாலு பேர் முன்னால் கேட்க எனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன.

பொன்னழகு


திண்டுக்கல்,
20-1-1958

பொன்னழகுக்கு.

வா. தாராளமாக வா. ஆனால் என் மகள் காரியத்தில் வாயைத் திறந்தாயானால், அன்றைக்கே உன்னை உன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்படி தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டான். அடுப்படியில் ஆள் வேண்டும். வந்து வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கு. ஆரத்திப் பக்கம் வராதே.

மற்றவை நேரில்.

சுந்தரம்மாள்


நிலக்கோட்டை,
3-2-1958

மதினிக்கு வணக்கம். தாங்கள், அண்ணன், மாயம்மாள் எல்லோரும் சுகந்தானே? இங்கே நாங்கள் சுகம். நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

காலையில் நான் அடுப்படியில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் கூடத்திலிருந்து சத்தம் போட்டீர்கள். "ஏடி, குத்துவிளக்குக்கு எண்ணெய் பத்தலை. அலமாரியில விளக்கெண்ணெய் இருக்கு பாரு, எடுத்தா." அவசரத்தில் யாரிடம் சொல்கிறோம் என்று நீங்கள் யோசிக்கவில்லை. நான் அலமாரியைத் திறந்தேன். முன் வரிசையிலேயே இருந்தது. அகல வாய்ச் சீசா. கழுத்தில் பாதி உரிந்த பிளாஸ்திரி. அதில் நீல மையில் 17.

பிளாஸ்திரியை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு எடுத்து வந்து விளக்கில் ஊற்றினேன். உங்கள் மகள் நிச்சயதார்த்த விளக்கு அந்தச் சீசா எண்ணெயில்தான் எரிந்தது. நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். சீசாவைப் பார்த்தீர்கள். அப்புறம் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருவேளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்திருப்பார்களோ என்று, பந்தி நடக்கும்போது பின்வாசல் வழியாகப் போய் செபாஸ்தியம்மாளைக் கேட்டேன். "எங்க சீசா வெளிய நிக்காதும்மா, கழுவி அடுத்தவுகளுக்குக் குடுத்துருவோம்" என்று சொல்லி நோட்டைப் புரட்டினாள். பதினேழு, கொடுத்த தேதி இருந்தது. வந்த தேதி இல்லை. எல்லா நம்பருக்கும் வந்திருக்கிறது, பதினேழுக்கு மட்டும் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

நீங்கள் கொண்டுபோகவே இல்லை. சாக்கடையில் கொட்டிவிட்டுச் சீசாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைத்தீர்கள். பிறகு உட்கார்ந்து, "பார்த்தாயிற்று, குறை இல்லை" என்று எழுதினீர்கள். அதை நம்பி நான் காற்றை வாங்கினேன், மருந்தை வாங்கினேன், சுரண்டவும் கொடுத்தேன். வயிற்றைக் கிழிக்கவும் தயாராக இருந்தேன்.

சபையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் தம்பியிடமும் சொல்லவில்லை. நீங்கள் ஆசைப்பட்டபடி மாயம்மாளைக் கட்டி வையுங்கள். நான் தடுக்கப் போவதில்லை, எங்கள் அண்ணனையும் தடுக்க விடமாட்டேன். அவள் வந்த பிறகு அவளுக்கு உபயோகப்படும் என்று சில விவரங்களை இங்கே எழுதுகிறேன். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

முதல் வருஷம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் வருஷம் சடங்கு வீடுகளில் அவள் கையிலிருந்து தட்டை வாங்குவார்கள். மூன்றாம் வருஷம் மதுரைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். காற்றுச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். பழைய புடவை இரண்டு எடுத்துக்கொள்ளட்டும், ஒன்று உடுத்த, ஒன்று கடிக்க. தோள்பட்டை வலி மூன்று நாள் இருக்கும், படுத்தால் கூடும், தலையணையை உயர்த்திச் சாய்ந்து உட்கார வேண்டும். போட்டோ சோதனையன்று மேஜை சில்லென்று இருக்கும். அசையக்கூடாது என்பார்கள். எனக்கு என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டர், "வீட்டுக்காரரைப் பார்த்தாச்சா?" என்று கேட்பார்கள். அப்போது அவள் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

உங்கள் தம்பிக்குக் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாது என்பது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் மதினி. தெரிந்துகொண்டேதான் என்னை அனுப்பினீர்கள். உங்கள் மகளையும் அப்படியே அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

மாசி பதினொன்றுக்குப் பூ எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். நானே நின்று பறித்து அனுப்புகிறேன்.

பொன்னழகு


திண்டுக்கல்,
13-2-1958

பொன்னழகுக்கு.

மாயம்மாள் ஜாதகத்தில் ஏதோ தோஷம் இருப்பதாக ஜோசியர் சொல்கிறார். மாமன் உறவில் கொடுக்கக்கூடாதாம். கல்யாணம் நின்றுவிட்டது. தம்பிக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டேன். பூ வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவனை அனுப்பு. கூடையில் எதையும் வைக்காதே. அவன் நேரில் வரட்டும். ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். என்னைப் பார்த்தால் திரும்பி ஓட மாட்டான். எவன் பார்த்தாலும் பார்க்கட்டும்.

நீ எழுதியது எதற்கும் நான் பதில் எழுதப் போவதில்லை. கேட்கவும் கேட்காதே. அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். சீசாவை உடைத்துவிட்டேன்.

நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சுந்தரம்மாள்


நிலக்கோட்டை,
12-4-1958

மதினிக்குப் பொன்னழகு எழுதுவது. உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று அண்ணன் சொன்னார். கவனித்துக்கொள்ளுங்கள். இது உபசாரத்துக்கு எழுதுவது இல்லை.

இந்தக் கடிதமும் கூடையில்தான் வருகிறது. மேலே மல்லிகை, கீழே வாழை இலை, அதற்குக் கீழே எண்ணெய்க் காகிதத்தில் மடித்து இரண்டு ரிப்போர்ட். ஈரம் படவில்லை. ஒருமுறை பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்று டாக்டரம்மா ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவையும் பார்த்தார்கள். ஆகவே இரண்டு. நம்பர் போட வேண்டிய இடத்தில் இரண்டிலும் ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான் இருக்கிறது. ஒன்றும் இல்லை என்று அர்த்தமாம். மருந்துக்கும் வழி இல்லையாம். இனி என் வயிற்றைத் திறந்து பார்க்கத் தேவையில்லை என்று மதுரை டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. போன வருஷம் நான் ஈரத்துணியில் சுற்றி அனுப்பினேன் என்று சொன்னதும் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். உடம்புச் சூட்டோடு, ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டுமாம். குளிர்ந்தால் அசைவு போய்விடுமாம். அந்தச் சீசாவை நீங்கள் அன்றே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் அதை வைத்துச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. அது என் தப்பு. இதை உங்களிடம் மறைத்திருக்கலாம். மறைத்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்ன அன்று, உங்கள் தம்பி பஸ்ஸில் பின் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும், "பொன்னழகு, அக்காவுக்குத் தெரிய வேணாம். அது தாங்காது" என்றார். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. என் உடம்பைச் சோதித்த ஒவ்வொரு தடவையும் ஊருக்கே தெரிந்தது. அவர் சங்கதி மட்டும் அக்காவுக்குத் தெரியக்கூடாதாம். சரி என்று தலையாட்டினேன். ஆனாலும் இதோ அனுப்புகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை நான் கேட்காமல் போனது இந்த ஒரு தடவைதான்.

ஊரில் யாராவது கேட்டால் குறை என்மேல்தான் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குப் பழகிவிட்டது. அவர் மண்டியில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். ஆனால் உங்கள் வாசற்படிக்குள்ளே மலடி என்ற வார்த்தை இனி வரக்கூடாது.

மாயம்மாளுக்குச் சித்தையன்கோட்டையில் நல்ல இடம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். அந்தப் பையனையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள் என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன். ஆரத்தித் தட்டை நான்தான் எடுப்பேன். என் கையிலிருந்து வாங்கிப் பாருங்கள்.

பொன்னழகு